கைத்தொலைபேசிக்குள் வந்த வங்கி: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிய நிதித் தொழில்நுட்பம் என்று பேசப்படுவதில் எமது மாவட்டங்களுக்கு உண்மையில் வந்து சேர்ந்தது எது?

முதலில் வந்து சேர்ந்தது கொடுப்பனவுதான். கடன், காப்புறுதி, முதலீடு ஆகியவற்றிலும் மாற்றங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. ஆயினும் மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஒரு சாதாரண குடும்பம் நாளாந்தம் உணர்கின்ற மாற்றம், பணம் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் போய்ச் சேரும் விதத்திலேயே ஏற்பட்டிருக்கிறது. மருதமுனைக் கைத்தறிப் புடவையொன்றை வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத் தெரிவுசெய்யும் கொழும்பு வாடிக்கையாளர், அந்த உரையாடல் முடிவதற்குள்ளேயே நெசவாளரின் கணக்கில் பணத்தை இட்டுவிடுகிறார். காசுக்கட்டளை வரும்வரை காத்திருந்ததும், இடையில் நின்ற வியாபாரியிடம் சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு அலைந்ததும் இந்த ஒரு வசதியால் பெரிதும் குறைந்துள்ளன. 2023இல் ஆரம்பமான அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் நெற்செய்கையாளருக்கான உர மானியமும் நேரடியாக வங்கிக் கணக்குக்கே வருகின்றன. ஆகவே கணக்கும் கைத்தொலைபேசியும் இல்லாத ஒருவருக்கு அரச உதவியே எட்டாமற்போகக்கூடிய நிலை உருவாகியிருக்கிறது.

கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்: பிழை நேர்ந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? ஒரு சேவை எவ்வளவு விரைவானது, எவ்வளவு மலிவானது என்பதைவிட இதுவே எமது மக்களின் சேமிப்பைக் காக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் சில வினாடிகளில் எப்படிப் போகிறது? பிழையான கணக்குக்குப் போனால் திரும்ப எடுக்கலாமா?

இலங்கையின் வங்கிகளை ஒன்றோடொன்று இணைக்கும் லங்காபே நிறுவனம் 2015இல் செஃப்ட்ஸ் என்ற உடனடி நிதி மாற்றல் முறையை ஆரம்பித்தது. நீங்கள் செயலியில் தொகையை அனுப்பியதும் உங்கள் வங்கி ஒரு செய்தியை லங்காபே ஊடாகப் பெறுநரின் வங்கிக்கு அனுப்புகிறது. அந்த வங்கி உடனே அவருடைய கணக்கில் தொகையை வரவு வைக்கிறது. வங்கிகள் தமக்கிடையிலான கணக்கைப் பின்னர் ஒட்டுமொத்தமாகத் தீர்த்துக்கொள்கின்றன. இதற்கு முந்திய ஸ்லிப்ஸ் முறை கொடுப்பனவுகளைத் தொகுதியாகச் சேர்த்து அனுப்புவது என்பதால் சம்பளம் போன்றவற்றுக்கு அது இன்றும் பயன்படுகிறது.

விரைவாகப் போன பணம் விரைவாகத் திரும்பாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். காசோலையை நிறுத்தும்படி வங்கிக்கு அறிவிக்கலாம். உடனடி மாற்றலில் அப்படி ஓர் இடைவெளி கிடையாது. பெரும்பாலும் கணக்கிலக்கத்தை வைத்தே பணம் வரவு வைக்கப்படுவதால், பெயரைச் சரியாக எழுதிவிட்டு இலக்கத்தில் ஒன்றைப் பிழையாகத் தட்டினாலும் பணம் வேறொருவரிடம் போகக்கூடும். உங்கள் வங்கி பெறுநரின் வங்கியைத் தொடர்புகொள்ளும். ஆனால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் விடயம் இழுபடும். புதிய கணக்குக்கு முதன்முறை அனுப்பும்போது நூறு ரூபாவை அனுப்பி, கிடைத்ததா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பெருந்தொகையை அனுப்புவதே நான் எல்லோருக்கும் சொல்லும் வழி.

கடையில் லங்கா கியூஆர் வைத்திருப்பது பயனுள்ளதா? சிலர் வேண்டாம் என்கிறார்களே?

மத்திய வங்கி 2018இல், கைத்தொலைபேசியால் படம்பிடித்துப் பணம் செலுத்தும் சதுரக் குறியீட்டுக்கு லங்கா கியூஆர் என்ற பொதுத் தரத்தை அறிமுகப்படுத்தியது. அதன் பயன், எந்த வங்கியின் செயலியை வைத்திருக்கும் வாடிக்கையாளரும் அந்த ஒரே குறியீட்டைப் படம்பிடித்துப் பணம் செலுத்தலாம் என்பது. அட்டை இயந்திரம் வாங்கத் தேவையில்லாததால் சிறு கடைக்காரருக்கு இது தோதானது. விற்பனைத் தொகையில் ஒரு சிறு வீதம் கட்டணமாகக் கழிக்கப்படும்.

வேண்டாம் என்பவர்களின் தயக்கத்துக்கு இரண்டு காரணங்களைக் காண்கிறேன். ஒன்று, வருமானம் முழுவதும் பதிவாகிவிடும், வரி வரும் என்ற பயம். இந்தப் பயத்தைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. ஆனாலும் அதே பதிவுதான் நாளை வங்கியில் கடன் கேட்கும்போது உங்கள் வியாபாரத்துக்குச் சாட்சியாக நிற்கும். ஈட்டுக்குக் காணியோ நகையோ இல்லாத இளம் வியாபாரிக்கு ஆறு மாதக் கியூஆர் வரவு ஒரு சொத்து.

மற்றக் காரணம் மோசடி. கல்முனைச் சந்தையில் மாலை வேளையில் கடை நிரம்பியிருக்கும் நேரத்தைக் கற்பனைசெய்து பாருங்கள். ஒருவர் தொலைபேசியை நீட்டி, “அனுப்பிட்டன் நானா, பாருங்க” என்று பச்சை அடையாளமிட்ட திரையைக் காட்டுகிறார்; கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் பொருளைக் கொடுத்துவிடுகிறார். அந்தத் திரை பழைய கொடுப்பனவின் படமாகவோ, போலிச் செயலி உருவாக்கியதாகவோ இருக்கலாம். வாடிக்கையாளரின் திரையை ஒருபோதும் ரசீதாக ஏற்கக்கூடாது; உங்களுடைய தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியோ செயலி அறிவித்தலோ வந்தபிறகே பொருள் கைமாற வேண்டும். காலையில் கடை திறக்கும்போது ஒட்டியிருக்கும் குறியீட்டின்மேல் வேறொருவரின் குறியீடு ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுகம்பைக்கும் பாசிக்குடாவுக்கும் வரும் வெளிநாட்டவர்கள் கியூஆர் மூலம் செலுத்தலாமா?

இந்தியர்கள் செலுத்தலாம். 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியாவின் யூபிஐ என்ற கைத்தொலைபேசிக் கொடுப்பனவு முறை லங்கா கியூஆருடன் இணைக்கப்பட்டிருக்கிறது. பொத்துவில் பக்கத்தில் அலைச்சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுப்பவரும் உணவுக்கடை நடத்துபவரும் இதனால் நேரடியாக ரூபாவில் பணத்தைப் பெறுகிறார்கள். உங்களிடமுள்ள குறியீடு இந்த வசதிக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்பதைப் பருவகாலம் தொடங்கமுன் அதை வழங்கிய வங்கியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஈஸி கேஷ், எம்காஷ் போன்ற கைத்தொலைபேசிப் பணப்பைகளில் இருக்கும் பணம் வங்கி வைப்பா?

இல்லை. அது இலத்திரனியல் பணம். அதற்கு ஈடான தொகையை நிறுவனம் வங்கியொன்றில் பொறுப்புக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு வட்டி கிடையாது. மத்திய வங்கியின் உரிமம்பெற்ற வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் உள்ள வைப்புக்கு, ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதிப் பாதுகாப்பு உண்டு. கைத்தொலைபேசிப் பணப்பையை அன்றாடச் செலவுக்கு வைத்திருங்கள், சேமிப்பை வங்கியில் வையுங்கள்.

கட்டார், சவூதியிலிருந்து பணம் அனுப்பச் செயலிகள் வந்தபின்னும், வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் பணம் கைமாறும் உண்டியல் முறை ஏன் தொடர்கிறது?

காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, வாழைச்சேனை என்று எந்த ஊரை எடுத்தாலும் வெளிநாட்டு உழைப்பில் கட்டப்பட்ட வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. எனவே இது எமக்கு நெருக்கமான கேள்வி. 2021இலும் 2022இன் தொடக்கத்திலும் அதிகாரபூர்வ மாற்றுவீதம் ஒரு டொலருக்கு 200 ரூபாவை ஒட்டிப் பிடித்துவைக்கப்பட்டிருந்தபோது உண்டியற்காரர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். குடும்பத்துக்காக வெயிலில் உழைத்த ஒருவர் கூடுதலாகக் கிடைத்த பக்கம் சாய்ந்ததற்கு அவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நாட்டுக்கு வந்த தொழிலாளர் பணம் 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்து 2022இல் 380 கோடி அளவுக்கு வீழ்ந்தது. மாற்றுவீதம் சந்தைக்கு விடப்பட்டபின் 2024இல் 660 கோடியை நெருங்கியது.

இன்று வீத வித்தியாசம் சுருங்கிவிட்டது. வங்கிச் செயலிகளும் பரிமாற்ற நிறுவனங்களும் நேரடியாகக் கணக்கில் இடுகின்றன. இருந்தும் உண்டியல் வீட்டு வாசலுக்குப் பணத்தைக் கொண்டுவருகிறது, படிவம் கேட்பதில்லை, தெரிந்த முகம் வருகிறது. இந்த மூன்றுக்கும் வங்கிகள் இன்னும் சரியான பதிலைத் தரவில்லை. ஆனால் உண்டியற்காரர் பணத்தோடு தலைமறைவானால் எங்கும் போய் முறையிட முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு: அவர் உங்கள் கணக்கில் இடும் பணம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அது மோசடிப் பணமாக இருந்தால் முடக்கப்படுவது உங்கள் கணக்குத்தான்.

தொலைபேசியில் பத்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. எடுக்கலாமா?

நுண்கடன் எமது பெண்களை எப்படி வருத்தியது என்பதை இந்த மாவட்டங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாராந்தத் தவணைக்கு வீட்டு முற்றத்தில் வந்து அமர்ந்திருந்த வசூலிப்பாளரை, ஒரு கடனை அடைக்க இன்னொன்றை எடுத்த கதைகளை ஒவ்வொரு கிராமமும் அறியும். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் செலுத்த முடியாமல் நின்ற, ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. முற்றத்தில் அமர்ந்திருந்தவர் இப்போது திரைக்குள் வந்திருக்கிறார் என்பதே என் கவலை.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் ரூபாக் கடனுக்கு நீங்கள் சம்மதிக்கிறீர்கள். “சேவைக் கட்டணம்” கழித்து எட்டாயிரம் கைக்கு வருகிறது. பதினான்கு நாளில் பத்தாயிரத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். எட்டாயிரத்துக்கு இரண்டாயிரம் என்றால் இரண்டு வாரத்துக்கு 25 வீதம். ஆண்டுக்கு அது 650 வீதத்தையும் தாண்டும். விளம்பரத்தில் “குறைந்த வட்டி” என்று எழுதியிருந்தாலும் கட்டணம் என்ற பெயரில் வாங்குவதும் வட்டிதான்.

இதைவிட ஆபத்தானது அனுமதி கேட்கும் திரை. செயலி உங்கள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால், தவணை தவறியதும் உங்கள் மாமிக்கும் பிள்ளையின் ஆசிரியைக்கும் அழைப்புப் போகலாம் என்று விளங்கிக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய துஷ்பிரயோகத்தைக் கட்டுப்படுத்தவே இயற்றப்பட்டது. ஆனால் 2025 மார்ச்சில் செயற்பட இருந்த அதன் முக்கிய பிரிவுகள் ஒத்திவைக்கப்பட்டன. சட்டம் முழுமையாகக் கைகொடுக்கும்வரை காத்திருக்க முடியாது. மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உரிமம்பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத கடன் செயலியைத் தொலைபேசியில் நிறுவவே வேண்டாம். அவசரத் தேவைக்கு வங்கியில் நகையை அடகு வைப்பது பழைய முறைதான். ஆனாலும் வட்டி எவ்வளவு, மீட்கும் திகதி எது, பொறுப்பாளர் யார் என்பதெல்லாம் அந்த அடகுச் சீட்டிலேயே இருக்கின்றன.

கடன் கொடுப்பதைச் செயற்கை நுண்ணறிவு தீர்மானிக்கிறதா? தமிழ் பேசுபவர்களுக்கு அதனால் பாதகமா?

இலங்கையில் 1990ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் தகவல் பணியகம், கிரிப் என்று எல்லோரும் சொல்வது, உங்கள் கடன் வரலாற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. வங்கிகள் முதலில் பார்ப்பது அதைத்தான். அதற்கு மேல், கணக்கில் வரும் போகும் பணம், கட்டணங்கள் கட்டும் ஒழுங்கு போன்றவற்றை இயந்திரக் கற்றல் முறையில் ஆராய்ந்து மதிப்பெண் இடும் முறைகள் உலகெங்கும் பரவிவருகின்றன.

இந்த முறைகள் பழைய தரவிலிருந்து கற்கின்றன. போரும் 2004 ஆழிப்பேரலையும் கடந்து வந்த, ரொக்கத்திலேயே வாழ்ந்த ஒரு பிரதேசத்தின் மக்களுக்குப் பதிவான வரலாறு குறைவு. ஒழுங்காகச் சீட்டுக் கட்டிய இருபது ஆண்டு நாணயம் எந்தக் கணினியிலும் இல்லை. பதிவு இல்லாததை நாணயம் இல்லாததாக எடுத்துக்கொள்ளும் முறை எமக்கு அநீதி செய்யும். ஆகவே கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிரிப் அறிக்கையைப் பெற்று அதில் தவறு இருந்தால் திருத்தக் கோருங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்பதற்கும் தயங்க வேண்டாம். விளங்காத தாளில் கையெழுத்திடும் பழக்கம் எமது ஊர்களில் ஒழிந்தாக வேண்டும்.

இஸ்லாமிய நிதிச் சேவைகளுக்கும் இவை பொருந்துமா?

பொருந்தும். வட்டியின்றி இயங்கும் அமானா வங்கி 2011இல் வர்த்தக வங்கியாகத் தொழிற்படத் தொடங்கியது. வேறு வங்கிகளும் தனிப் பிரிவுகளை நடத்துகின்றன. பணம் பயணிக்கும் பாதை எல்லா வங்கிகளுக்கும் ஒன்றே. ஆனால் “ஹலால் முதலீடு” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் திட்டங்களை அந்தச் சொல்லை மட்டும் வைத்து நம்பிவிடக்கூடாது.

மோசடி அழைப்புகளை எப்படி இனங்காண்பது?

அவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: உங்கள் தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.ரி.பி.). அதைச் சுற்றிக் கட்டப்படும் கதைகள் மட்டும் மாறும். தபால் திணைக்களத்தின் பெயரில், “உங்கள் பொதி தடுத்துவைக்கப்பட்டுள்ளது, சிறு கட்டணம் செலுத்துங்கள்” என்று இணைப்போடு குறுஞ்செய்தி வரும்; அந்தப் பக்கத்தில் அட்டை இலக்கத்தையும் பின்புறத்து மூன்று இலக்கங்களையும் இட்டதும் ஓ.ரி.பி. கேட்கப்படும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவர் உங்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சரியாகச் சொல்வார். அவற்றை அறிந்திருப்பது அவர் வங்கி ஊழியர் என்பதற்கு அத்தாட்சியாகாது. எந்த வங்கியும் ஓ.ரி.பி.யைக் கேட்பதில்லை.

செயற்கை நுண்ணறிவு இப்போது குரலையும் போலியாகச் செய்கிறது. வெளிநாட்டிலிருக்கும் மகனின் குரலில் அழுகையோடு அவசரப் பணம் கேட்டு அழைப்பு வரலாம். அப்போது வைத்துவிட்டு அவருடைய வழக்கமான இலக்கத்துக்கு நீங்களே திரும்ப அழைக்க வேண்டும். வீட்டிலுள்ளவர்கள் மட்டும் அறிந்த ஒரு கேள்வியையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். வயதான அம்மாவுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளின் கடமை. அவரைப் பயமுறுத்தினால், ஏமாந்தபின் வெட்கப்பட்டு மறைத்துவிடுவார், பணத்தைத் தடுக்கக்கூடிய அந்த முதல் மணித்தியாலம் வீணாகிவிடும்.

இன்னொன்றை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். “உங்கள் கணக்கை ஒரு மாதம் தாருங்கள், பணம் தருகிறோம்” என்று கேட்பவருக்குக் கணக்கையோ அட்டையையோ கொடுத்தால், மற்றவர்களிடம் திருடிய பணம் உங்கள் பெயரில் ஓடும். பொலிஸார் தேடி வருவது உங்களைத்தான்.

நெற்செய்கையாளருக்கு இவற்றால் என்ன பயன்?

மானியம் நேரடியாகக் கணக்குக்கு வருவது முதற்பயன். 2024/25 பெரும்போகத்துக்கு உர மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆனால் பணம் கமநல சேவை நிலையத்தின் பதிவில் இருப்பவருக்கே போகிறது. போடியாரின் (பெரிய நிலவுடைமையாளரின்) வயலைக் குத்தகைக்குச் செய்பவரின் பெயர் பதிவில் இல்லையென்றால் தொழில்நுட்பம் அவருக்கு எதையும் கொண்டுவராது. விதைப்புக்கு முன் வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் பேசிப் பதிவைச் சரிசெய்வதே முதல் வேலை.

காப்புறுதியில் வானிலைச் சுட்டெண் முறை கவனிக்கத்தக்கது. மழை குறித்த அளவுக்குக் கூடினாலோ குறைந்தாலோ, வயலைப் பார்வையிட அதிகாரி வராமலே இழப்பீடு கிடைக்கும் ஏற்பாடு அது. குறைபாடும் அங்கேயே இருக்கிறது: மழைமானி இருக்கும் இடத்தில் பெய்யாத மழை உங்கள் வட்டையை (வயல்வெளியை) மூழ்கடித்திருக்கலாம். எந்த நிலையத்தின் அளவை எடுப்பார்கள் என்று கேட்காமல் இப்படியொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

பிட்கொயின் போன்றவற்றில் முதலிடலாமா?

மத்திய வங்கி எந்த நிறுவனத்துக்கும் இதற்கு உரிமம் வழங்கவில்லை என்று 2018 முதல் பலமுறை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டைகளால் அவற்றை வாங்கவும் அனுமதியில்லை. ஆள் சேர்த்தால் பங்கு தருவதாகச் சொல்லும் “கிரிப்டோ” திட்டங்கள் பெரும்பாலும் பிரமிட் திட்டங்கள். அவை வங்கிச் சட்டத்தின்படி குற்றம். சேர்ந்தவர் மட்டுமன்றிச் சேர்த்துவிட்டவரும் மாட்டிக்கொள்வார்.

மாரியில் வெள்ளமும் மின்தடையும் வந்தால் செயலிப் பணம் என்னாகும்?

பணம் அழியாது, ஆனால் எடுக்க முடியாது. தொலைபேசிக் கோபுரம் செயலிழந்தால் ஓ.ரி.பி. வராது, ஏ.ரி.எம். இயங்காது. கார்த்திகை முதல் தை வரை ஒரு வாரச் செலவுக்குரிய ரொக்கத்தை நீர் புகாத உறையில் வீட்டில் வைத்திருப்பது எமது மாவட்டங்களுக்கு அவசியம். ரொக்கமே வேண்டாம் என்று பேசுபவர்கள் வெருகல் ஆறும் மட்டக்களப்பு வாவியும் பெருகும் காலத்தில் இங்கே வாழ்ந்து பார்த்தவர்கள் அல்லர்.

பணம் பறிபோனால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உடனே உங்கள் வங்கியின் இருபத்துநான்கு மணிநேர இலக்கத்துக்கு அழைத்து அட்டையையும் செயலியையும் முடக்குங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் அழைத்த நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம். பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வங்கிக்குக் கொடுங்கள். இணையவழித் தாக்குதல் என்றால் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்திலும் உதவி பெறலாம்.

வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் எழுத்துமூல முறைப்பாட்டோடு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை நாடலாம்; அதன் இலக்கம் 1935. நிதிக் குறைகேள் அதிகாரியிடமும் கட்டணமின்றி முறையிடலாம். அங்கும் முதலில் கேட்கப்படுவது, நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதியும் அதற்கு வந்த பதிலுமே. ஆகவே கிளையில் வாயால் முறையிட்டுவிட்டுத் திரும்பாமல், தமிழிலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.